பச்சையாகவே இருந்த பக்கம்

தம்பிக்கு எதையும் யாராவது வாயால் சொன்னால்தான் மனசு ஆறும். கடை திறந்திருக்கிறதா என்று கடைக்காரரையே போனில் கூப்பிட்டுக் கேட்பான். மழை வருமா என்று அக்காவைக் கேட்பான், மேகத்தையெல்லாம் அவள்தான் ஓட்டிக்கொண்டு வருவது போல. ஆஸ்பத்திரியின் சலவை வேனை ஓட்டுகிறவன் அவன். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஆஸ்பத்திரி, அந்தக் கரையில் சலவைக்கூடம். அழுக்கு விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய்ப் போடுவதும், வெளுத்த விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவதும் அவன் பிழைப்பு. நடுவில் ஒரு தரைப்பாலம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் அது முழுகிப் போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுகிப் போகும். ஆகையால் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு போன்.

"அக்கா, பாலம் எப்படி இருக்கு?"

"இருந்த இடத்துலயேதான்டா இருக்கு. போ."

அக்கா வேலை பார்த்தது ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்தில். உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த மாடி அறையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு திரைகள், மெஷின்களுக்கு மட்டும் குளிரடித்து அவளை வியர்க்க வைக்கும் ஒரு ஏசி. அலுவலகத்தின் இணையப் பக்கங்களையெல்லாம் கட்டி மேய்ப்பது அவள் ஒருத்திதான். அந்தப் பக்கங்களில் ஊரார் உண்மையிலேயே பார்த்தது ஒன்றே ஒன்று. பாலம் திறந்திருந்தால் திரை முழுக்கப் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு, நடுவில் ஒரு வரி. அதைப் படிக்க எழுத்துக்கூடத் தெரிய வேண்டாம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்த வரிக்குக் கீழே, கடைசியாக எப்போது சரிபார்த்தது என்று நேரத்தையும் போட்டிருந்தாள். மேலாளர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். "நேத்து போட்ட நேரம் இன்னைக்கும் இருந்தா, நாம தூங்கறோம்னு நெனைப்பாங்க" என்றார். தூங்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலையெல்லாம் வரும். அவள் எடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. பாலத்தின் இரண்டு முனையிலும் ஆள் இருந்த காலம் ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் அவரவர் முனையில் சங்கிலியை இழுத்துப் பூட்டுவார்கள். இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, போனில் பக்கம் இருக்கிறதே, இரண்டு ஆள் எதற்கு என்று அந்தக் கரைக்காரரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கே ஒரு சிவப்பு விளக்கை நட்டார்கள். இந்தக் கரையில் மட்டும் சங்கிலிக்காரர் மிஞ்சினார். இந்த ஏற்பாட்டுக்காகக் கூட்டத்தில் எல்லாரும் அக்காவைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிற்பாடு அந்தக் கைதட்டலை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

தம்பி மட்டும் பக்கத்தை மதிக்கவில்லை. போன் போடுவதை விடவில்லை. அவள் கூட்டத்தில் இருந்தாலும் போன், சாப்பிட உட்கார்ந்தாலும் போன். ஒரு நாள் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"டேய், உசுர வாங்காதடா. உனக்காகத்தானே பக்கம்னு ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன்? இனிமே என்னைக் கேக்காத. அதைப் பாரு."

"நீ சொன்னா ஒரு தெம்பு அக்கா. அது என்னமோ..."

"அதுலயும் நான்தான்டா சொல்றேன்."

அவன் போனைப் பிடுங்கி முதல் திரையிலேயே பாலத்துக்கு ஒரு படம் வைத்துக் கொடுத்தாள். தட்டினால் போதும், பக்கம் திறக்கும். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி, இது எப்படி வேலை செய்யுது? நீ அங்க மாத்தினா இங்க எப்படித் தெரியும்?"

"உன் போன்ல இருக்கே பிரவுசர், அது கேக்கும். எங்க ஆபீஸ்ல இருக்கிற சர்வர் பதில் சொல்லும். அவ்வளவுதான். இது கேட்டாத்தான் அது வாயைத் தொறக்கும்."

"அப்போ ஏதாச்சும் ஆபத்துன்னா அதுவா கூப்பிட்டுச் சொல்லாதா?"

"சொல்லாது. உன்னை அதுக்கு யாருன்னே தெரியாது. பதில் குடுத்தா வேலை முடிஞ்சுது."

"நல்ல சர்வர்தான் போ. ஹோட்டல் சர்வராச்சும், வேற ஏதாவது வேணுமா சார்னு வந்து நிப்பாரு."

அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி வீட்டுக்குப் போய், எங்கக்கா சர்வர் வேலை பார்க்கிறாள் என்று பெண்டாட்டியிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான். முதல் சில நாள் மதிய வேளையில் போன் அடிக்காதது அவளுக்கே வெறிச்சென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த மழை பிடித்துக்கொண்டபோது ஊரே அந்தப் பக்கத்தில் வந்து விழுந்தது. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று ஆளாளுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டலும் ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அது வயதான மெஷின். காலையிலேயே மூச்சு வாங்கியது, பிறகு படுத்துவிட்டது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் வெள்ளைத் திரைதான் எல்லாருக்கும் வந்தது.

மேலாளர் மாடிப்படி ஏறியே வந்துவிட்டார். அவர் மாடி ஏறினால் அலுவலகத்தில் ஏதோ பற்றி எரிகிறது என்று அர்த்தம்.

"என்னம்மா இது, மேல இருந்து போன் மேல போன். மானம் போகுது. ஏதாவது பண்ணு."

"நகல் வெச்சுட்டா சரியாயிடும் சார். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"அஞ்சு நிமிஷமா? நான் இங்கயே நிக்கிறேன், பண்ணு."

நிற்கவும் செய்தார், அவள் தோளுக்குப் பின்னால், மூச்சுக்காற்று கழுத்தில் படுகிற தூரத்தில்.

அவள் செய்தது சரியான வைத்தியம்தான். அலுவலக சர்வருக்கும் ஊராருக்கும் நடுவில், வாடகைக்கு எடுத்த சில மெஷின்கள் உண்டு. பக்கத்தின் நகலை அவற்றிடம் கொடுத்து வைத்தால் கேட்கிறவர்களுக்கு அவையே பதில் சொல்லிவிடும், கிழட்டு சர்வர் ஓய்வாக இருக்கும். நிலைமை மாறினால் நடு மெஷின்களில் இருக்கும் பழைய நகலை ஒரே அடியில் துடைத்துவிட ஒரு பொத்தான் இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் துடைப்பம். துடைப்பம் இருக்கும் தைரியத்தில், நகலை நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினாள்.

எழுதியதில்தான் வினை. சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பதிலோடும், மனிதர் கண்ணில் படாத சில குறிப்புகள் போகும். பிரவுசர் அவற்றைப் படித்து அதன்படி நடந்துகொள்ளும். நகலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அப்படி ஒரு குறிப்பு. அதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று நடு மெஷின்களுக்கு மட்டும். மற்றது எல்லாருக்கும் பொது, அவரவர் போனில் இருக்கும் பிரவுசர் உட்பட. நடு மெஷின்களுக்கு மட்டும் என்று எழுத இன்னும் ஓர் எழுத்தும் ஒரு கோடும் சேர்க்க வேண்டும். அவள் சேர்க்கவில்லை. தெரியாமல் இல்லை. இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான். கழுத்தில் மூச்சுக்காற்று பட்டுக்கொண்டிருந்தது, கை முந்திக்கொண்டது.

ஆக, அன்று காலை அந்தப் பக்கத்தைப் பார்த்த அத்தனை போனுக்கும் அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: பாலம் திறந்திருக்கிறது, இதை இன்று முழுக்க வைத்துக்கொள், அதுவரை என்னை வந்து கேட்காதே.

பக்கம் பறந்தது. தட்டிய கணமே பச்சை. மேலாளர் அவள் முதுகில் தட்டாத குறை. அவளுக்கும் தனக்கும் டீ வரவழைத்தார். அவள் நிம்மதியாக அதை ஊதி ஊதிக் குடித்தாள். அதே காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அழுக்கு மூட்டைகளை ஏற்றிவிட்டுத் தம்பி போனை எடுத்துத் தட்டினான். பச்சை. பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனான். அதுவரைக்கும் பச்சை பொய் சொல்லவில்லை.

மதியம் சங்கிலிக்காரர் போன் செய்தார். அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது, சங்கிலியைப் போட்டுவிட்டேன் என்றார். அவள் உடனே பச்சையைச் சிவப்பாக்கினாள், துடைப்பத்தை அழுத்தினாள். எப்போதும் சோதிக்கிற மாதிரி, பிரவுசரில் பழைய ஞாபகம் எதுவும் இல்லாத புதுச் சன்னல் ஒன்றைத் திறந்து பார்த்தாள். சிவப்பு. மேலாளரிடம் கீழே போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவர் காலையிலும் தன் போனில் பார்த்து, இப்போதும் ஒரு தடவை பார்த்திருந்தால் அப்போதே விஷயம் வெளியில் வந்திருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தை அவர் ஆயுசில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. பாலம் எப்படி இருக்கிறது என்று அவளைத்தான் கேட்பார்.

அவள் மாடி ஏறுவதற்குள் மறுபடியும் போன். சங்கிலிக்காரர்தான். பின்னால் மழை இரைந்தது, யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இங்க ஒருத்தர் சங்கிலியை அவுக்கச் சொல்லி சண்டைக்கு வர்றாரு. போன்ல பச்சையாத்தான் இருக்குங்கறாரு."

"பழசா இருக்கும். மறுபடி திறந்து பாக்கச் சொல்லுங்க."

"தொறந்துதாம்மா காட்டுறாரு. நான் கண்ணால பாத்தேன். தட்டத் தட்டப் பச்சையாவே வருது."

"காலையில பாத்திருந்தாரான்னு கேளுங்க."

கேட்டார். "ஆமாங்கறாரும்மா."

அவள் மிச்சப் படிகளை ஓடி ஏறினாள். காலையில் எழுதிய வரியைத் திறந்து பார்த்தாள். இல்லாத எழுத்து இல்லாமலேதான் இருந்தது. அதைத் திருத்தினாள், நகலே வைத்துக்கொள்ளாதே என்று மாற்றி எழுதினாள். எழுதி முடித்தபோதே அது எதற்கும் உதவாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதிய பேச்சு யாருக்குப் போய்ச் சேரும்? வந்து கேட்கிறவர்களுக்கு. கேட்க வராதே என்று அவளே சொல்லி அனுப்பியவர்கள் எப்படி வந்து கேட்பார்கள்? துடைப்பம் நடு மெஷின்களோடு சரி, ஊரார் சட்டைப்பைக்குள் அது நுழையாது. சர்வர் யாரையும் கூப்பிடாது. அதுவா கூப்பிட்டுச் சொல்லாதா என்று கேட்டவன் குரல் காதுக்குள் கேட்டது. அப்போதுதான் அந்தக் கரையில் இருக்கிறவன் யார் என்பதே அவளுக்கு உறைத்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டாள், அதே பெண் அதே குரலில் அதையே சொன்னாள். சலவைக்கூடத்துக்குப் போட்டாள். அங்கே கம்பி போன் என்பதால் மணி அடித்தது. மேஸ்திரி எடுத்தார்.

"அண்ணே, வேன் தம்பி இருக்கானா?"

"இப்பத்தான்மா கெளம்பினாரு. லோடு ஏத்திட்டு."

"பாலம் மூடியாச்சுண்ணே!"

"அட, இல்லம்மா, நான்கூடக் கேட்டேன், மழை இப்படி ஊத்துதே, பாலம் இருக்குமான்னு. போனை எடுத்துக் காட்டினாரே, பச்சையா. இங்க காலையில இருந்து டவரே இல்ல, ஒண்ணும் தொறக்கல. அந்தப் பக்கம் மட்டும் டக்குனு தொறந்துச்சு. எங்கக்கா பண்ணதுன்னு பெருமையாச் சொல்லிட்டுப் போனாரு."

அவள் போனை வைத்துவிட்டு சங்கிலிக்காரரைக் கூப்பிட்டாள். "அந்தக் கரையில வேன் வருது. என் தம்பி. நிறுத்துங்க. எப்படியாச்சும் நிறுத்துங்க."

"அந்தக் கரை கண்ணுக்கே தெரியலம்மா. கரண்டும் இல்ல, சிவப்பு லைட்டும் எரியல."

"டார்ச்சு இருக்குல்ல? அடிங்க. கத்துங்க."

"அடிக்கிறேம்மா."

போனை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவள் காதில் மழை விழுந்தது, துணி உரசியது, அவர் மூச்சிரைக்க ஓடுவது கேட்டது. "வராதே! ஏய், வராதே! திரும்பு!" சண்டைக்கு வந்த ஆளும் சேர்ந்து கத்தினார். ஆறு அந்த இரண்டு குரலையும் விழுங்கிக்கொண்டு இரைந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே திரையில், யார் கேட்டாலும் சொல்லத் தயாராக, பக்கம் சிவப்பாக இருந்தது.

கத்தல் நின்றது. கொஞ்ச நேரம் ஆறு மட்டும் கேட்டது. பிறகு சங்கிலிக்காரர் போனை எடுத்தார்.

"விளக்கு வெளிச்சம் ரெண்டு தெரிஞ்சுதும்மா. பாதி வரைக்கும் வந்துச்சு."

"இப்போ?"

"இப்போ தெரியல." அவர் அழுகிறாரா என்று மழையில் தெரியவில்லை. "வெள்ளையா என்னமோ மெதந்து போகுதும்மா. துணி. நெறையத் துணி."

தம்பி கிடைத்தது தண்ணீர் வடிந்த பிறகுதான், பாலத்துக்கு வெகு தூரம் கீழே. வேன் அதற்கும் கீழே கிடந்தது. ஆற்றோரப் புதர்களிலும் முள்ளிலும் ஆஸ்பத்திரி விரிப்புகள் சுற்றிக் கிடந்தன, யாரும் எடுத்துப் போகவில்லை. அக்கா அழுதாள் என்று சொல்வது சும்மா ஒரு வார்த்தை. அவள் அழ உட்கார்ந்தால் அழுகைக்குப் பதிலாக அந்த ஓர் எழுத்தும் ஒரு கோடும் கண்ணுக்குள் வந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அலுவலகம் சும்மா இருக்குமா? மேலாளர் தன் அறையில் அவளை உட்கார வைத்து, கதவைச் சாத்தினார். அவரும் கெட்டவர் இல்லை, அவள் தலையைத் தொட்டுத்தான் பேசினார்.

"சர்வர் பதிவு, நடு மெஷின் பதிவு எல்லாம் எடுத்துப் பாத்தாச்சும்மா. மதியமே சிவப்பு மாத்தியிருக்கு. அதுக்கப்புறம் கேட்ட எல்லாருக்கும் சரியான பதில் போயிருக்கு. போன் கம்பெனியிலயும் விசாரிச்சாச்சு, உன் தம்பி போன்ல இருந்து காலையில ஒரு தடவை கேட்டதோட சரி. அப்புறம் கேக்கவே இல்ல."

"கேக்க வேண்டாம்னு நான் எழுதியிருந்தேன் சார்."

"அதை யாரும் உன்னைக் கேக்கல."

"கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. கேக்கத் தெரிஞ்சவன் இந்த ஆபீஸ்ல உன்னை விட்டா யாரு இருக்கா?" குரலைத் தாழ்த்தினார். "தம்பி போனதே போதும்மா. நீயும் போகணுமா? பேசாம இரு. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. சர்வர் கேட்டவர்களுக்கெல்லாம் சரியாகத்தான் சொன்னது. அவன் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்தாள். அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது, மறுநாள் செய்தியில் அது நாலு வரியாக வந்தது: எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்க்காமல் வேனை ஓட்டிச் சென்றவர் வெள்ளத்தில் பலி. கீழே ஊரார் எழுதினார்கள், இப்படியும் ஒரு பொறுப்பில்லாத ஆளா என்று. சலவைக்கூடத்து மேஸ்திரி மட்டும் பார்த்தவர்களிடமெல்லாம், இல்லங்க, என்கிட்ட காட்டினாரே என்று சொல்லிக்கொண்டிருந்தார். டவர் இல்லாத இடத்தில் பக்கம் எப்படித் திறக்கும் என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

தம்பியின் போனைப் போலீசில் அக்காவிடம்தான் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுவான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கொடுத்துவிட்டு வந்துவிடலாம், ஒன்றும் பேச வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி பெண்டாட்டி கட்டில் முழுக்க அவன் சட்டைகளைப் பரப்பி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். முகம் காய்ந்து கிடந்தது. அழுத முகம் இல்லை அது, கோபத்தில் இறுகிய முகம்.

"வாங்க அண்ணி."

அவள் போனை நீட்டினாள். தம்பி பெண்டாட்டி அதை வாங்கவில்லை.

"எனக்கெதுக்கு? அதைப் பாத்திருந்தா உயிரோட இருந்திருப்பாரு. பாக்கலியே." சட்டை ஒன்றை உதறினாள். "கதவைப் பூட்டினேனா பூட்டினேனான்னு மூணு தடவை திரும்பி வந்து பாக்கிற மனுஷன். அன்னைக்கு மட்டும் என்ன அவசரம்? என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நெனைச்சாரா? அழக்கூட வரல அண்ணி எனக்கு. எரிச்சல்தான் வருது. பொறுப்பில்லாம போய்ச் சேந்துட்டாரேன்னு அவரு போட்டோவைப் பாத்தாலே எரியுது."

அக்காவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. செத்துப் போனவன் மேல் இனி ஆயுசு முழுக்க இந்த எரிச்சல் கொட்டும். அவனும் திருப்பிச் சொல்ல மாட்டான். அவள் போனை உறையிலிருந்து எடுத்து, சுவரோரம் கிடந்த சார்ஜரில் செருகினாள். இருவரும் அது விழிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான படம் வந்தது, இவள் வைத்துக் கொடுத்த பாலம் அங்கேயே இருந்தது. கடைசியாகத் திறந்தது என்னவென்று பார்க்க ஒரு பொத்தானை அழுத்தினாள். பக்கம் வந்தது.

திரை முழுக்கப் பச்சை. பாலம் திறந்திருக்கிறது.

தம்பி பெண்டாட்டி சட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து போனைக் கையில் வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பாத்திருக்காரு."

"பாத்திருக்கான்."

"பாத்துட்டுத்தான் போயிருக்காரு." அத்தனை நாள் வராத அழுகை வந்துவிட்டது. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. உட்காரத் தனக்கு என்ன யோக்கியதை என்று நின்றுகொண்டே இருந்தாள்.

அழுகை கொஞ்சம் தணிந்ததும் தம்பி பெண்டாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா மதியமே சிவப்பு போட்டாச்சுன்னாங்களே அண்ணி. இது இன்னும் பச்சையா இருக்கு?"

"அது காலையில வாங்கி வெச்ச பதில். போன் அதையே காட்டுது. மறுபடி கேக்கல."

"கேட்டா?"

அக்கா தன் போனிலிருந்து அதற்கு இணையத் தொடர்பு கொடுத்தாள். "கீழே இழு" என்றாள்.

தம்பி பெண்டாட்டி விரலால் பக்கத்தைக் கீழே இழுத்தாள். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பச்சை போய் வெள்ளை வந்து, வெள்ளை போய்ச் சிவப்பு வந்தது. அன்றைய வெள்ளத்தில் உடைந்த பாலம் இன்னும் மூடித்தான் கிடந்தது. பாலம் மூடப்பட்டுள்ளது.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமா?"

"இப்படி இழுத்தாத்தான் கேக்கும். சும்மா தட்டினா, டவர் இருந்தாலும் கேட்டிருக்காது."

"ஏன் அண்ணி கேட்டிருக்காது?"

"கேக்க வேண்டாம்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

தம்பி பெண்டாட்டி போனைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். மதிய வேளையில் அவன் அக்காவுக்குப் போட்ட போன்களெல்லாம் அவளுக்கும் தெரியும். அது ஏன் நின்றது என்பதும் தெரியும்.

"போனுக்கா, அவருக்கா?"

"ரெண்டு பேருக்கும்."